காணிக்கையும் கணக்கும்: மேற்கு மலையடிவாரச் சபைகளின் பணப் பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது மம்சாபுரம் பேரூராட்சி. தென்னையும் மாவும் நெல்லும் விளையும் பூமி. ராஜபாளையம் நூற்பாலைகளுக்கும் சத்திரப்பட்டிப் பக்கத்துப் பேண்டேஜ் துணித் தறிகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த வட்டாரம். இங்கே பல வீடுகளில் வருமானம் வாரக்கூலியாகச் சிறுகச் சிறுக வருகிறது. செலவோ பள்ளிக்கூடம் திறக்கும்போதும், கல்யாணம் வரும்போதும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் மொத்தமாக வந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் விழும் பள்ளத்தை ஏலச்சீட்டும் நகை அடகும் குழுக் கடனும் கைமாற்றும் வட்டிப் பணமும்தான் தூர்க்கின்றன.

இதே வீடுகளில் கிறிஸ்தவ வீடுகளாக உள்ளவைதான் ஞாயிறுதோறும் காணிக்கைப் பையில் பணம் போடுகின்றன, மாதச் சந்தா கட்டுகின்றன, அறுப்பின் பண்டிகைக்குச் சேவலும் தேங்காயும் கொண்டுவருகின்றன, கோயில் கட்டும்போது மூட்டை சிமெண்டுக்குப் பெயர் கொடுக்கின்றன. ஒரு கிறிஸ்தவர் தன் வீட்டுப் பணத்தை எப்படி நடத்த வேண்டும், சபை தன் பணத்தை எப்படி நடத்த வேண்டும் என்ற கேள்விகள் இந்த மண்ணில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இவற்றுக்கு விடை தேடி வெளிநாட்டு நிதி ஆலோசனை நூல்களைப் புரட்டுகிறவர்கள் உண்டு. அதைவிடக் கனமான பாடம் இந்த வட்டாரத்தின் சொந்தச் சபை வரலாற்றிலேயே இருக்கிறது. கொடுப்பதைப் பற்றி நம் சபைகள் தலைமுறை தலைமுறையாகப் பிரசங்கித்துவந்திருக்கின்றன. கொடுத்ததற்குக் கணக்குச் சொல்வதைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. கணக்குச் சொல்வதும் ஆராதனையின் ஒரு பாகம்தான் என்பதே இக்கட்டுரை நிறுவ விரும்பும் கருத்து.

சம்பளம் வேண்டாம் என்ற உபதேசியார்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பு வட்டாரத்தில் இருக்கிறது கிறிஸ்தியான்பேட்டை. 1840-ல் இந்த ஊரை ஏற்படுத்தியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1810-ல் பிறந்த இவர், பாளையங்கோட்டையில் மிஷனெரி ரேனியஸ் நடத்திய கல்விக்கூடத்தில் படித்தவர். ரேனியஸ் அந்தக் காலத்திலேயே பணத்தின் அருமை அறிந்து வேலை செய்தவர். புதிதாகக் கிறிஸ்தவர்களாகி ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலமும் குடியிருப்பும் வாங்குவதற்காக 1830-ல் அவர் தொடங்கிய தர்ம சங்கம், தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காணிக்கையைப் பொதுநிதியாகத் திரட்டிய முன்னோடி அமைப்புகளில் ஒன்று.

1833-ல் இந்தியாவுக்கு வந்த ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரை அருளப்பன் சந்தித்தார். குரோவ்ஸ் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் பல் மருத்துவராக இருந்து நன்றாகச் சம்பாதித்தவர். எதிர்காலத்துக்கென்று சேர்த்துவைக்காமல், உள்ளதைக் கொடுத்துவிட்டுக் கடவுளை நம்பி வாழ வேண்டும் என்று 1825-ல் ஒரு சிறு நூல் எழுதினார். எழுதியபடியே தொழிலை விட்டுவிட்டுப் பாக்தாத் போய், அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தார். பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அனாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர் இவருடைய தங்கையை மணந்தவர். இந்த நூல் முல்லரையும் ஆழமாகப் பாதித்தது.

குரோவ்ஸின் நட்பில் அருளப்பன் எடுத்த முடிவுதான் நமக்கு முக்கியம். நிலையான மாதச் சம்பளம் வாங்க அவர் மறுத்தார். கூலிக்குப் பிரசங்கிக்கிறான் என்று ஊரார் சொல்லிவிடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். நண்பர்கள் அனுப்பிய உதவியை ஏற்றுக்கொண்டார். நிலத்தில் பாடுபட்டுப் பிழைக்கும் குடும்பங்களைத் தன்னோடு குடியமர்த்தினார். ஊழியரும் உழைப்பாளியும் ஒரே ஊரில், ஒரே நிலையில் வாழ்ந்தார்கள். 1860-ல் இங்கு எழுந்த ஆவிக்குரிய எழுப்புதல், வெளிநாட்டு மிஷனெரியின் கையோ மிஷன் சங்கத்தின் பணமோ இல்லாமல் தமிழர்களிடையே தானாகப் பரவியது என்பதால் மிஷன் வட்டாரங்களிலேயே வியப்பாகப் பேசப்பட்டது. அருளப்பன் 1867-ல் காலமானார். அவருடைய நாட்குறிப்புகளைத் தொகுத்து ஜி.எச். லாங் 1939-ல் நூலாக்கினார்.

அருளப்பன் மரபு இன்று விசுவாச ஊழியம் என்ற பெயரில் எங்கும் பேசப்படுகிறது. ஆனால் அந்த மரபின் மறுபாதியை மறந்துவிட்டோம். தேவைகளை மனிதரிடம் சொல்லாமல் ஜெபத்தில் மட்டும் சொல்வது என்று வைராக்கியமாக இருந்த முல்லர், வந்த ஒவ்வொரு காசுக்கும் என்ன செலவானது என்று ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டு வெளியிட்டார். பணம் கேட்காதவர் கணக்கு மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தார். இன்று தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் வங்கிக் கணக்கு எண்ணைத் திரையில் ஓடவிட்டுப் பணம் கேட்கும் எத்தனையோ ஊழியங்கள், வந்த பணத்துக்கு வரவு செலவு வெளியிடுவதில்லை. விசுவாசம் என்ற ஒரே சொல்லை இரு தரப்பும் பயன்படுத்தினாலும் இவை இரண்டும் ஒரே வழியல்ல.

சொந்தக் காலில் நிற்கும் சபை

அருளப்பன் மிஷன் சங்கங்களுக்கு வெளியே நின்று ஒரு வழி கண்டார் என்றால், சங்கங்களுக்கு உள்ளேயும் இதே கேள்வி எழுந்தது. சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சொசைட்டி) சங்கம் 1841-42 வாக்கில் கடும் பண நெருக்கடியில் சிக்கியது. அந்த நேரத்தில் லண்டனில் அதன் செயலாளராகப் பொறுப்பேற்ற ஹென்றி வென், 1872 வரை அந்தப் பணியில் இருந்தார். ஒரு சபை தன்னைத்தானே தாங்க வேண்டும், தன்னைத்தானே ஆள வேண்டும், தானே சுவிசேஷத்தைப் பரப்ப வேண்டும் என்ற மும்முனைக் கொள்கையை அவர் வகுத்தார். அதே காலத்தில் அமெரிக்க மிஷன் சங்கத்தின் வெளிநாட்டுச் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சனும் பாஸ்டனில் இருந்தபடி ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார்.

இந்த இரு கொள்கைகளும் சந்தித்த மண் இது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனால்தான் இங்கு சி.எம்.எஸ். வட திருநெல்வேலி மிஷன் வேலை செய்தது. மதுரையை மையமாகக் கொண்டு 1834 முதல் அமெரிக்க மிஷன் வேலை செய்தது. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியபோது, இரண்டும் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தில் ஒன்றாயின. வென்னின் பிள்ளைகளும் ஆண்டர்சனின் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று சொல்லலாம்.

வட திருநெல்வேலி வேலையின் தொடக்கமே பணத்தைப் பற்றி ஒரு பாடம் சொல்கிறது. கேம்பிரிட்ஜில் படித்துச் சென்னையில் சி.எம்.எஸ். செயலாளராக இருந்த தாமஸ் ராக்லண்ட், 1854-ல் ஃபென், மெடோஸ் என்ற இரு தோழர்களோடு சிவகாசிப் பக்கம் கூடாரம் அடித்து, பெரிய கட்டடங்கள் எதுவும் எழுப்பாமல் ஊர் ஊராகச் சென்றார். தெற்கே நிலைபெற்றிருந்த சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின. அதற்காகும் செலவில் பங்கெடுக்கும்படி அந்தச் சபை மக்களிடம் காணிக்கை திரட்டப்பட்டது. மெஞ்ஞானபுரம் பக்கத்துப் பனையேறிக் குடும்பங்கள் போட்ட காசு, தாங்கள் பார்த்திராத மலையடிவார ஊர்களில் வேறு யாருக்கோ சுவிசேஷமாகச் சென்றது. ராக்லண்ட் 1858-ல் சிவகாசியில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற வழி நிலைத்தது.

1860களின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலியில் சபைச் சங்கங்கள் அமைந்தன. குருவானவரின் சம்பளத்தையும் உபதேசியாரின் சம்பளத்தையும் உள்ளூர்ச் சபையே மெல்ல மெல்ல ஏற்க வேண்டும், மிஷன் மானியம் ஆண்டுக்கு ஆண்டு குறைய வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சந்தா, சேகரம், கமிட்டி, பொருளாளர் என்ற அமைப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஏழை மக்களிடம் பணம் கேட்கலாமா என்று தயங்கிய மிஷனெரிகள் இருந்தார்கள். கொடுக்காத சபை தன்னை ஆள முடியாது என்று வென் உறுதியாக நின்றார். கொடுப்பவருக்குத்தான் நிர்வாகத்தில் குரல் உண்டு என்பது இதன் மறுபக்கம். இந்தக் கொள்கை பின்னாளில் எங்கே வழுக்கியது என்பதைக் கீழே பார்ப்போம்.

இதே கேள்வியை 1912-ல் ரோலண்ட் ஆலன் என்ற ஆங்கிலேயக் குரு வேறு கோணத்தில் எழுப்பினார். பவுல் அப்போஸ்தலர் பணத்தில் கடைப்பிடித்த 3 நெறிகளை அவர் எடுத்துக்காட்டினார். தன் தேவைக்குப் பணம் தேடி அலைந்ததில்லை. பிரசங்கிக்கப் போன இடத்துக்குப் பணம் கொண்டுபோனதில்லை. உள்ளூர்ச் சபையின் பணத்தைத் தானே நிர்வகித்ததுமில்லை. மூன்றாவது நெறிதான் நம் காலத்துக்கு அதிகம் உறைக்க வேண்டியது. போதகரே பணப்பெட்டியின் சாவியையும் வைத்திருக்கும் சபைகள் இன்று ஏராளம்.

சொந்தச் சங்கமும் பிடி அரிசியும்

1902-ல் யாழ்ப்பாணத்துக்குச் சென்ற ஒரு திருநெல்வேலி இளைஞர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் இந்தியாவுக்கு ஊழியரை அனுப்பியிருப்பதைப் பார்த்தார். இத்தனை சபைகள் உள்ள திருநெல்வேலி இதைச் செய்யவில்லையே என்று மனம் குத்தியது. அவர்தான் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் அவர் முன்நின்று தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், இந்தியர் பணம், இந்தியர் ஊழியம், இந்தியர் நிர்வாகம் என்ற மூன்றையும் அடிப்படையாக வைத்தது. தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் அதன் களம். அசரியா 1909-ல் தானே அங்கு போனார். 1912-ல் அதன் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

தோர்ணக்கலில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிக்காரர்கள். இவர்களிடம் என்ன கேட்பது? சமைக்கும் ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும்படி பெண்களுக்குச் சொல்லப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி ஆலயத்தின் முன் கொண்டுவந்து வைக்கப்பட்டது. சில்லறைக் காசே அபூர்வமான வீடுகளில் காணிக்கை இப்படி அன்றாடச் சமையலின் பாகமானது. தமிழ்ச் சபைகள் பலவற்றிலும் பெண்கள் ஐக்கியத்தின் வழியாக இந்த வழக்கம் நிலைத்தது. வடகிழக்கே மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910 முதல் இதே வழக்கம் உண்டு. இன்றைக்கும் அந்தச் சபையின் மிஷன் வேலைக்கு அது பெரிய வருமானம்.

பிடி அரிசியின் சிறப்பு அதன் அளவில் இருக்கிறது. அந்த ஒரு பிடியால் எந்தக் குடும்பமும் பசியில் வாடாது. கடன் வாங்கி யாரும் பிடி அரிசி போட வேண்டியதில்லை. உள்ளதிலிருந்து, தவறாமல், வீட்டைக் குலைக்காமல் கொடுப்பது என்ற முறை அது. 1 கொரிந்தியர் 16-ல் பவுல் எருசலேம் ஏழைகளுக்காகச் சொன்ன ஏற்பாடும் இதுதான். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தன் வரவுக்குத் தக்கதைச் சேர்த்து வைக்க வேண்டும், தான் வந்த பிறகு அவசரமாகத் திரட்டக் கூடாது என்றார். அசரியா கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதியவர். கொடுக்கப் பழகாத சபை வளராத சபை என்பதை அவர் தன் வாழ்க்கையிலேயே பார்த்தார்.

ஏலத்தின் இரு முகங்கள்

அறுப்பின் பண்டிகையன்று தென்மாவட்டத்து ஆலயம் ஒன்றின் முற்றத்தைப் பார்த்தால் அன்று காலை அது சந்தைபோல் இருக்கும். வாழைத்தார், தேங்காய்க் குலை, முருங்கைக்காய்க் கட்டு, கழுத்தில் கயிறு கட்டிய ஆட்டுக்கடா, கால் கட்டிய சேவல், கூடையில் முட்டை, பித்தளைச் செம்பில் பால். ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் கையில் எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் பிடித்து ஏலம் விடத் தொடங்குவார். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழம் நூறு, இருநூறு, ஐந்நூறு என்று ஏறும். ஏலம் எடுத்தவர் அதைத் திரும்பவும் காணிக்கையாகக் கொடுப்பார். அதே பழம் மறுபடி ஏலத்துக்கு வரும். சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்கிற பிள்ளைகள் வீடியோ அழைப்பில் ஏலம் கேட்பதும் இப்போது வழக்கம்.

இதில் மகிழ்ச்சி உண்டு. ஊர் கூடிக் களிக்கிறது. விளைந்ததைக் கொண்டுவந்து நன்றி சொல்லும் விவசாயிக்கு இந்த நாள் முழுக்கச் சொந்தம். வெளியூர் போன பிள்ளைகளைச் சபையோடு கட்டிவைக்கும் கயிறாகவும் இது இருக்கிறது. ஆனால் ஏலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஏலத்தில் கேட்ட தொகையை அன்றே கட்டுவோர் சிலர், பிறகு தருகிறேன் என்று பெயர் எழுதுவோர் பலர். அந்தப் பாக்கி சபை நோட்டில் அடுத்த பண்டிகைவரை கிடக்கும். அண்டை வீட்டாருக்கு முன் குறைந்துபோகக் கூடாது என்று வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து வட்டிக்காரரைத் தேடும் தகப்பனும் இருக்கிறார். கைதட்டல் வாங்கிய காணிக்கை கடனாக வீட்டுக்குள் நுழைந்தால், அது எந்த ஆசீர்வாதத்தைக் கொண்டுவரும்?

மாற்கு 12-ல் ஏழை விதவை தன்னிடம் இருந்த இரண்டு காசையும் போட்டதை இயேசு பார்க்கிறார். இந்தப் பகுதியைக் காணிக்கைப் பிரசங்கத்தில் கேட்காத சபை இருக்காது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், நீண்ட ஜெபம் செய்தபடியே விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை அவர் கண்டித்ததை அதே பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அந்தப் பகுதி முழுமையாகிறது. கொடுக்கிற கையைப் பாராட்டும் இயேசு, வாங்குகிற கையையும் உற்றுப் பார்க்கிறார்.

வேதத்தில் இருக்கும் கணக்குப் புத்தகம்

கணக்கு கேட்பது விசுவாசக் குறைவு என்று சபைகளில் சொல்வதுண்டு. வேதாகமத்தைக் கவனித்து வாசித்தால் இந்த வாதம் நிற்காது. ஆசரிப்புக் கூடாரத்துக்கு எவ்வளவு பொன், எவ்வளவு வெள்ளி, எவ்வளவு வெண்கலம் வந்தது, எது எதற்குச் செலவானது என்று யாத்திராகமம் 38 பட்டியலிடுகிறது. அதற்கு 2 அதிகாரம் முன்னால், தேவைக்கு மேல் வந்துவிட்டது, இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே மக்களை நிறுத்தியதும் இருக்கிறது. போதும் என்று சொன்ன தலைவர் அவர்.

எஸ்றா 8-ல் பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் போகும் காணிக்கை 12 ஆசாரியரின் கையில் நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. எருசலேம் சேர்ந்த நாலாம் நாளில் மறுபடி நிறுத்து, எல்லாம் எழுதி வைக்கப்படுகிறது. புறப்படும்போது ஒரு நிறை, சேர்ந்தபோது ஒரு நிறை. இன்றைய தணிக்கையின் சாரமும் இதுவே.

2 இராஜாக்கள் 12-ல் யோவாஸ் ராஜாவின் கதை இன்னும் நெருக்கமானது. ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்லிப் பணம் ஆசாரியரிடம் விடப்பட்டது. அவனுடைய ஆட்சியின் 23-ஆம் ஆண்டுவரை வேலை நடக்கவில்லை. அதன் பிறகுதான் ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்துக்கு அருகில் வைத்தான். பணம் நிறைந்தபோது ராஜாவின் கணக்கனும் பிரதான ஆசாரியனும் இருவராக இருந்து எண்ணினார்கள். வேலைக்காரருக்குக் கூலி கொடுத்தவர்கள் உண்மையாக நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று அதே அதிகாரம் சொல்வதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அந்த நம்பிக்கை எப்போது வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டி வைத்து, இருவர் எண்ணி, பணம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எழுத்தோடு மாறிய பிறகு வந்தது. கணக்கில்லாத நம்பிக்கை தோற்ற கதைதான் அதற்கு முந்தைய வசனங்கள்.

புதிய ஏற்பாட்டில் பவுல் எருசலேமுக்கான காணிக்கையைத் தான் ஒருவராகக் கொண்டுபோக மறுத்தார். சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரும் தீத்துவும் கூட வர வேண்டும் என்றார். கர்த்தருக்கு முன் மட்டுமல்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதே 2 கொரிந்தியர் 8-ல் அவர் சொல்லும் காரணம். அப்போஸ்தலரே தன்மேல் ஒரு சந்தேகமும் விழ இடங்கொடுக்கவில்லை. அதைவிட உயர்ந்த நிலையில் இருப்பதாக எந்தப் போதகரும் நினைக்க முடியாது.

தசமபாகத்துக்கும் இதே நீதி பொருந்தும். மல்கியா 3-ஐ வைத்து, பத்தில் ஒன்றைக் கொடு, நூறு மடங்கு திரும்ப வரும் என்று விதை விதைக்கிற பாணியில் போதிக்கும் ஊழியங்கள் இன்று பெருகிவிட்டன. உபாகமம் 14-ல் மூன்றாம் ஆண்டின் தசமபாகம் யாருக்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறது: நிலமில்லாத லேவியனுக்கும், பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும். பண்டசாலை நிறைய வேண்டும் என்பது அவர்கள் வயிறு நிறைவதற்காக. தசமபாகத்தைக் கேட்கிற சபை, அதில் எவ்வளவு ஏழைகளுக்குப் போனது என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக் கணக்கு

சபையின் பணம் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனால், அது ஒரு வீட்டின் சம்பளக் கவரில் போய் முடியும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தறிக்கும் ஆலைக்கும் போகும் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தசமபாகம் 1,800 ரூபாய். அந்தக் குடும்பம் மகள் கல்யாணத்துக்காக 50,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்கிறது. மாத வட்டி 1,500 ரூபாய். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் நூற்றுக்கு 36. அசல் அப்படியே நிற்கும். அதே தொகையைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகையை வைத்து ஏறத்தாழ ஒரு ரூபாய் வட்டிக்கு மாற்றினால் மாத வட்டி 500 ரூபாய். மிச்சம் மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000 ரூபாய். அந்த மிச்சத்தை அசலுக்குக் கட்டினால் சில ஆண்டுகளில் குடும்பம் விடுபடும்.

இந்தக் கணக்கை யார் அந்தக் குடும்பத்துக்குப் போட்டுக் காட்டுவது? தசமபாகத்தைக் கேட்கிற சபைக்கு அந்தக் கடமை உண்டு. கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்ற நீதிமொழிகளின் உண்மையைப் போதிப்பதோடு நின்றால் போதாது. அந்த அடிமைத்தனத்திலிருந்து வெளியே வரும் வழியையும் காட்ட வேண்டும். எளியவனிடம் வட்டி வாங்காதே என்ற யாத்திராகமம் 22-ன் கட்டளை, சபைக்குள்ளேயே ஒருவருக்கொருவர் வட்டிக்கு விடும் வழக்கத்தை நேராகக் கேள்வி கேட்கிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. கடனை மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் தனிச் சட்டம் வந்தது. இவற்றைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் விளக்கினால், எத்தனையோ வீடுகளுக்கு அது பெரிய தைரியம்.

சீட்டு விஷயமும் அப்படியே. பதிவு செய்யாத சீட்டு 1982-ன் சீட்டு நிதிச் சட்டப்படி தவறு. ஆனாலும் நம்பிக்கையின் பெயரில், அதுவும் சபைப் பழக்கத்தின் பெயரில், எத்தனையோ சீட்டுகள் ஓடுகின்றன. சபை ஆளாயிற்றே என்று கட்டிய பணம் போனால், பணத்தோடு ஐக்கியமும் போகிறது. பிரசங்க பீடத்திலோ ஜெபக் கூட்டத்திலோ எந்த முதலீட்டையும் சீட்டையும் அறிமுகம் செய்ய அனுமதிப்பதில்லை என்று சபைக் கமிட்டி தீர்மானமாக எழுதிவைப்பது நல்லது.

கிறிஸ்தவ வீட்டுக்கு ஒரு வரிசை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதலில் உழைப்புக்கு நன்றியாக, வீட்டைக் குலைக்காத அளவில் காணிக்கை. அடுத்து கடன் தீர்ப்பது. அதற்கடுத்து மூன்று நான்கு மாதச் செலவுக்குக் கைமுதல். பிறகுதான் விசேஷங்களும் வீடு கட்டுவதும். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14-ல் இயேசு சொன்னது சீஷத்துவத்தைப் பற்றி. கல்யாணச் செலவுக்கும் கோயில் கட்டடத்துக்கும் அது அப்படியே பொருந்தும்.

சட்டமும் சபையும்

சபையின் பணத்துக்கு இன்று நாட்டின் சட்டமும் கணக்குக் கேட்கிறது. வருமான வரி விலக்குப் பெறும் மத, அறக்கட்டளைகள் தங்கள் ஆண்டு வருமானத்தில் பொதுவாக 85 விழுக்காட்டைத் தங்கள் நோக்கத்துக்காகவே செலவிட வேண்டும். கணக்குப் புத்தகம், பட்டயக் கணக்காளரின் தணிக்கை, உரிய காலத்தில் அறிக்கை ஆகியவற்றில் தவறினால் விலக்கே போய்விடும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டு இன்னும் கடுமையானது. வெளிநாட்டுப் பணம் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரு கிளையில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. விளைவாக, 19-ஆம் நூற்றாண்டில் வென் சொன்ன இடத்துக்கே சட்டம் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. உள்ளூர்க் காணிக்கையில் உள்ளூர்ச் சபை நிற்க வேண்டும்.

நிர்வாகத்தின் மறுபக்கமும் பேசப்பட வேண்டியது. சந்தா கட்டியவருக்கே வாக்கு என்ற விதி பல சபைகளில் உண்டு. கொடுப்பவருக்கு நிர்வாகத்தில் பங்கு என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த விதி அது. தேர்தல் நெருங்கும்போது யாரோ ஒருவர் பலருடைய சந்தாவை மொத்தமாகக் கட்டும் இடத்துக்கு அது வந்து சேர்ந்தால், சபை ஜனநாயகம் பணக்காரர் கைக்குப் போகிறது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தென்னிந்தியத் திருச்சபை சினாடு தேர்தல் வழக்கில் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற 2 நீதிபதிகளை நியமித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கோர்ட்டுப் படி ஏறிய ஒவ்வொரு முறையும் வழக்குச் செலவுக்குப் போன பணம், எங்கோ ஒரு ஊரில் ஒரு பெண் உலையில் போடாமல் எடுத்துவைத்த பிடி அரிசியிலிருந்தும் வந்தது என்பதைத் தலைவர்கள் நினைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

சபை நிதி ஒழுங்குக்குப் பெரிய திட்டங்கள் தேவையில்லை. சிறு சபையும் இந்த மாதமே தொடங்கக்கூடியவை சில உண்டு. காணிக்கைப் பை பிரிக்கப்படும் மேசையில் ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எப்போதும் இருக்க வேண்டும். எண்ணிய தொகையை அப்போதே நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். மறுநாளே அது வங்கிக்குப் போக வேண்டும். க்யூ.ஆர். அட்டை வைத்தால் அது சபைக் கணக்கோடு மட்டுமே இணைந்திருக்க வேண்டும், தனிமனிதரின் எண்ணோடு அல்ல. போதகரின் குடும்பத்துக்குக் கண்ணியமான சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, பணப்பெட்டியிலிருந்து அவரை முழுக்க விடுவிக்க வேண்டும். மாதம் ஒரு முறை வரவு, செலவு, இருப்பு, கடன் நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஏலத்தில் கையிருப்புப் பணத்துக்கு மட்டும் கேட்கலாம் என்று கமிட்டி அறிவிக்க வேண்டும். வருமானத்தில் குறிப்பிட்ட ஒரு பங்கை ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் ஒதுக்கி, பெயர் சொல்லாமல் தொகையை மட்டும் வெளியிட வேண்டும்.

அருளப்பன் சம்பளத்தை மறுத்தார், வென் சொந்தக் காலில் நிற்கச் சொன்னார், அசரியா பிடி அரிசியைக் காட்டினார். மூவரும் கொடுப்பதை நமக்குக் கற்றுத்தந்தார்கள். அதைக் கற்ற சபைக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை வாசிக்கிற நீங்கள் ஒரு சபையின் அங்கத்தினராக இருந்தால், அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, சென்ற ஆண்டின் தணிக்கை அறிக்கையைச் சபையார் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுங்கள் என்று கேளுங்கள். அன்போடு கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள். காணிக்கை கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு, வாங்கினவருக்கு அந்தக் கடமை உண்டு.